பத்து மடங்கு மெதுவாக

ஆகஸ்ட் இரவுகளில் லியபாயாவுக்குத் தெற்கே
கடலோரமாக வௌவால்கள் வலசை போகின்றன,
நம் காதுக்கு எட்டாத உச்சத்தில்
கத்திக்கொண்டே.
அந்தக் கத்தலைப் பத்து மடங்கு மெதுவாக்குவது என் வேலை.
மெதுவாக்கினால்தான் கேட்கும்:
ஈரத் தரையில் யாரோ செருப்பைத் தட்டுவதுபோல,
பூச்சி அகப்பட்டதும் கடகடவென்று ஒரு சுருள்போல.

ராத்திரிக்கு நாற்பது ஜிகாபைட்.
மெதுவாக்குகிற வேலையை
என் லேப்டாப் மெதுவாகச் செய்தது.
அதுதான் பொறுக்கவில்லை.

லினக்ஸின் பொதுக் களஞ்சியம் எல்லோருக்குமானது.
பந்தியில் காரம் குறைத்துப் பரிமாறுவதுபோல
இருபது வருடத்துப் பழைய செயலிக்கும் செரிக்கிற
கட்டளைகளாகப் பார்த்து வைத்திருப்பார்கள்.
என் செயலிக்கோ
ஒரே மூச்சில் எட்டு எண்களைக் கூட்டத் தெரியும்.
யாரும் கேட்டதில்லை.

அப்போதுதான் உன்னைக் கண்டேன்.
உன்னை என்றால், உன் களஞ்சியத்தை.
அதே பேக்கேஜ்கள்,
மூன்றாம் நிலைச் செயலிகளுக்கென்று
மறுபடி கோத்தவை.
பெயர் இல்லை, ஊர் இல்லை.
நாற்பது எழுத்தில் ஒரு கைரேகை மட்டும்.
நம்புகிறாயா என்று திரை கேட்டது.
மேல்மாடி விஸ்வால்டிஸிடம் வீட்டுச் சாவி கொடுக்க
ஒன்பது வருடம் யோசித்தவள் நான்.
உனக்கு மொத்த வீட்டையும் கொடுத்தேன்,
ஒரே விசையில்.

எழுபத்தொரு நிமிடம் அறுபத்து மூன்றாயிற்று.
எள் என்றால் எண்ணெயாக நின்றது லேப்டாப்.
மிச்சமான எட்டு நிமிடத்தில் என்ன செய்கிறாய்
என்றாள் ஸைகா.
வேகமாகப் போகிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில், காற்று பேயாய் அடித்த மாலை,
கோபுரப் படியில் கைநழுவி விழுந்தது லேப்டாப்.
பலகை போயிற்று, வட்டு பிழைத்தது.
திங்கள்கிழமை அறிக்கை.
குந்தார்ஸின் சைக்கிள் பட்டறையில்
இரண்டாயிரத்துப் பதினொன்றின் கணினி ஒன்று,
விசைகளில் சங்கிலி எண்ணெய்.
வட்டை அதில் பொருத்தினோம்.

ஒரே ஒரு வரி வந்தது:
இந்தச் செயலிக்கு மூன்றாம் நிலை தெரியாது.
பிறகு கெர்னல் பதறி,
உறைந்து நின்றது.

என் மெஷினையா திட்டுகிறது, என்றான் குந்தார்ஸ்.
இல்லை, என்றேன்.
இதற்கு நான்கு நான்காகத்தான் கூட்ட வரும்.
அவன் முகம் சரியாகவில்லை.
கூட்டினால் விடை ஒன்றுதானே, என்றான்.

பென் டிரைவில் கிளப்பி, உள்ளே புகுந்து,
உன்னுடைய ஆயிரத்து நூற்று ஆறு பேக்கேஜ்களையும்
பொதுவானவற்றால் மாற்றத் தொடங்கினேன்.
பட்டறையின் இணையம்
பஞ்சரான டயர்.
போன வருடமும் இந்த வருடமுமாக நாற்பது ராத்திரி,
எட்டெட்டு நிமிடம்,
ஐந்து மணி இருபது நிமிடம் சேமித்திருந்தேன்.
பதினொன்றுக்கு உட்கார்ந்தவள்
எழுந்தபோது மணி ஐந்து.
நாற்பது நிமிடம் கடன்.

உன்மேல் கோபமில்லை.
எந்தச் செயலிக்கு என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தாய்,
நான்தான் தாண்டிப் படித்தேன்.
அன்று விடியற்காலையிலும் நீ
ஒன்பது பேக்கேஜ் புதுப்பித்திருந்தாய்.
உன் ஊரில் அப்போது என்ன நேரம்?
உன் வீட்டிலும் யாராவது
மின்கட்டணத்தைக் காட்டிக் கத்துகிறார்களா?

கிழட்டு மெஷின் கடைசி இரவின் பதிவை
நூற்றுப் பத்து நிமிடம் மென்றது.
குந்தார்ஸ் காதுபொறியை மாட்டிக்கொண்டு
டயர் ஒன்றை மடியில் வைத்தபடி கேட்டான்.
நடுவில் கை நின்றது.
இதெல்லாம் என் கூரைக்கு மேலேயும் போகிறதா?
போகிறது.
தினமுமா?
கொஞ்சம் பேசாமல் இரு, என்று
என்னைத்தான் சொன்னான்.

புது லேப்டாப் வசந்தத்தில் வரும்.
உன் களஞ்சியத்தின் வரியை நான் அழிக்கவில்லை,
முன்னால் ஒரு # வைத்தேன்.
கைரேகை இன்னும் என்னிடம்தான்.